கோபாலகிருஷ்ணனை ஞாபகம் இருக்கா?



'16 வயதினிலே' படத்துல கமல் நடிச்ச பாத்திரத்தோட பேர் என்னன்னு யாரைக் கேட்டாலும் "சப்பாணி"ன்னு சட்டுன்னு சொல்லிடுவாங்க. அது அவன் பேரே இல்ல. அவன் பேர் கோபாலகிருஷ்ணன். அவன் நடையைப் பார்த்து ஊர் வச்ச பட்டம்தான் சப்பாணி. அப்படிக் கூப்பிடுறவனை அறைஞ்சிடுன்னு மயில் அவனுக்குச் சொல்லிக் கொடுப்பாள். படம் வந்தது 1977-ல். அந்தக் காட்சிக்குக் கைதட்டின நாமதான் இன்னைக்கும் அவனை ஊர் கூப்பிட்ட மாதிரியே கூப்பிடுறோம்.

உடல் ஊனத்தைப் பத்தின நம்ம பார்வையில பாதி சினிமாவும் மேடையும் கொடுத்தது. நகைச்சுவைக் காட்சியில திக்கிப் பேசுறவர், காது கேட்காதவர். சோகக் காட்சியில சக்கர நாற்காலி. சிரிக்க ஒருத்தர், அழ ஒருத்தர். நம்மள மாதிரி வேலைக்குப் போற, காதலிக்கிற, கோபப்படுற, சங்கம் கட்டுற மாற்றுத்திறனாளியைத் திரையில எத்தனை தடவை பார்த்திருக்கோம்?

2024 ஜூலையில் உச்ச நீதிமன்றமே இதைப் பேசியது. மாற்றுத்திறனாளிகளை இழிவுபடுத்தும் நகைச்சுவை வேறு, அவர்கள் வாழ்க்கையைப் புரியவைக்கும் நகைச்சுவை வேறு என்று பிரித்துக் காட்டி, திரைப்படங்களுக்கு வழிகாட்டு நெறிகளைச் சொன்னது. பொது இடத்தில் வேண்டுமென்றே அவமானப்படுத்தினால் 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை என்று 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 92-வது பிரிவும் சொல்கிறது. ஆனா சட்டத்தால வாயைத்தான் மூட முடியும். மனசைத் திறக்க கலை வேணும்.

நடனக் கலைஞர் சுதா சந்திரன் 1981-ல் தமிழ்நாட்டில் நடந்த பேருந்து விபத்துக்குப் பிறகு ஒரு காலை இழந்தார். ஜெய்ப்பூர் செயற்கைக் காலோடு மீண்டும் ஆடினார். 1985-ல் அவர் கதையையே 'மயூரி'ன்னு தெலுங்கில் படமா எடுத்தப்போ அவரே நடிச்சார். வேற நடிகை நொண்டி நடிச்சுக் காட்டல. அந்தப் படத்தோட பலமே அதுதான். அதே நேரம், எல்லாரும் மேடையேறி ஆடிச் சாதிச்சாத்தான் மரியாதைங்கிறதும் அநியாயம். ரேஷன் கடைப் படி ஏற முடியாம வெளியில நிக்கிறவருக்குச் சாதனை எதுக்கு? சாய்தளம் போதும்.

"அப்போ சாய்தளத்துக்கும், ஓய்வூதியத்துக்கும், 4 சதவீத வேலை ஒதுக்கீட்டுக்கும் போராடுங்க, நாடகம் எதுக்கு?"ன்னு சில தோழர்கள் கேட்கிறாங்க. போராடத்தான் வேணும். ஆனா பாவம்னு பார்க்கிற ஊர் சக்கர நாற்காலியை இலவசமாக் கொடுத்து போட்டோ எடுத்துக்கும். அது உருள வழி போடாது. பரிதாபம் தானம் கொடுக்கும், உரிமை கொடுக்காது. அந்தப் பார்வையை மாத்துறதும் போராட்டம்தான்.

முதல்ல நம்ம வீட்டைப் பார்ப்போம். "நொண்டிச் சாக்கு", "செவிட்டு அரசு", "குருட்டுத்தனம்", "முடமான நிர்வாகம்"... இதெல்லாம் நம்ம மேடையில கைதட்டல் வாங்குற வார்த்தைகள். கூட்டத்துல கைத்தடியோட உட்கார்ந்திருக்கிற நம்ம தோழருக்கு அது எப்படிக் கேட்கும்? அரசைத் திட்ட தமிழ்ல வேற வார்த்தையா இல்ல?

2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மட்டும் கிட்டத்தட்ட 11.8 லட்சம் மாற்றுத்திறனாளிகள். அவங்கள்ல பாடகர் உண்டு, பறை அடிக்கிறவர் உண்டு, எழுதுறவர் உண்டு. நம்ம கலை இரவு மேடைகள்ல அவங்க எங்க?

ஒவ்வொரு கிளையும் மூணு வேலை செய்யலாம்:

✊ அடுத்த வீதி நாடகத்தில் மாற்றுத்திறனாளி பாத்திரத்தை மாற்றுத்திறனாளிக் கலைஞரே நடிக்கட்டும். கதை எழுதும்போதே அவரைக் கூட உட்கார வைங்க.

✊ மேடைக்குப் படியோடு சாய்தளமும் போடுங்க. முடிந்த இடத்தில் சைகை மொழிபெயர்ப்பாளரையும் நிறுத்துங்க.

✊ பேச்சுக் குறிப்பில் அந்த வார்த்தைகளை இன்னைக்கே அடிங்க.

மேடையில ஏற வழி இல்லாம வச்சுக்கிட்டு, மேடையில நின்னு சமத்துவம் பேசக் கூடாது தோழர்களே.

அவன் பேர் கோபாலகிருஷ்ணன். இனிமே அப்படியே கூப்பிடுவோம்.

#மாற்றுத்திறனாளிகள்_உரிமை #பரிதாபம்_அல்ல_உரிமை