குத்தத்தை ஒத்துக்கறியா?

சினிமா கோர்ட்டுல கூண்டு, சத்தியப் பிரமாணம், "யுவர் ஆனர்" எல்லாம் பார்த்திருப்போம். நிஜத்துல ஒருத்தன் தலையெழுத்தை மாத்துற கேள்வி வேற. குற்றச்சாட்டைப் படிச்சுக் காட்டிட்டு "ஒத்துக்கறியா?"ன்னு கேட்பாங்க பாருங்க, அதுதான். 2024 ஜூலை 1-ல் வந்த புதுச் சட்டத்துல (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, எத்தனை தடவை சொன்னாலும் வாய்ல நுழையல) இதை வீடியோவிலேயே கேட்கலாம். ஆள் புழல் ஜெயிலில், நீதிபதி பூந்தமல்லியில். முத்தாபுதுப்பேட்டைல மழை பெஞ்சா நெட் படுத்துக்கற லட்சணம் எனக்குத் தெரியும் :-)

அதைவிட உறுத்துறது 'பிளீ பார்கெய்னிங்'. குற்றத்தை ஒத்துக்கிட்டு தண்டனையைக் குறைச்சுக்கற பேரம். 2006 ஜூலைல இருந்தே நம்ம நாட்டுல இருக்கு. 7 வருஷத்துக்கு மேல தண்டனை உள்ள கேஸ், பெண்கள், குழந்தைகளுக்கு எதிரான கேஸ் இதுல வராது. அமெரிக்காவுல தண்டனை வாங்கறவங்கள்ல பத்துல ஒன்பது பேருக்கு மேல இப்படி ஒத்துக்கிட்டவங்கதான். இங்க நூத்துக்கு ஒரு கேஸ்கூடத் தேறாது.

கணக்கைப் பாருங்க. சாதாரணத் திருட்டுக்கு அதிகபட்சம் 3 வருஷம். முதல் தடவை மாட்டினவன் பேரத்துக்கு வந்தா ஆறுல ஒரு பங்கு, அதாவது 6 மாசம். ஏற்கனவே ஜெயில்ல இருந்த நாளும் கழியும். ஜாமீன் கையெழுத்துக்கு ஆள் கிடைக்காம 6 மாசமா உள்ளே கிடக்கற பையன் "எடுத்தேன்"னு சொன்னா வீட்டுக்குப் போகலாம். "எடுக்கலை"ன்னா? வேற வழி கிடைக்கலைன்னா, மூணுல ஒரு பங்கு, 1 வருஷம் முடிஞ்சாத்தான் விடச் சொல்லுது சட்டம். எடுக்காதவனும் எடுத்தேன்னுதான் சொல்வான். வீட்டுல பச்சைக்குழந்தை இருந்தா நானும் அப்படித்தான் சொல்லுவேன். அப்புறம் வேலைக்குப் போற இடத்துல வெரிஃபிகேஷன்னு வந்தா 'தண்டனை பெற்றவன்'னு நிக்கும்.

நீதிபதி அவனைத் தனியா விசாரிச்சு, மனசார ஒத்துக்கறானான்னு பார்க்கணும்னு சட்டத்துல இருக்கு. நல்ல ஏற்பாடு. ஆனா அதையும் வீடியோவில செஞ்சா, கேமராவுக்குப் பின்னாடி யார் நிக்கறாங்கன்னு அவருக்கு எப்படித் தெரியும்?

இதுல புதுசா ஒரு கெடு வேற. குற்றச்சாட்டு பதிவான 30 நாளுக்குள்ள மனு போடணுமாம். பழைய சட்டத்துல இது கிடையாது. நிஜமாவே தப்பு பண்ணி, முடிச்சுக்கலாம்னு நினைக்கறவனுக்கு விஷயம் தெரியறதுக்குள்ள நாள் ஓடிடும். இலவச சட்ட உதவி வக்கீல் ஒருத்தர் நேர்ல போய் அவனோட அரை மணி நேரமாவது பேசணும், பேசினார்னு கோர்ட்டுல பதிவாகணும். அதுவரைக்கும் அந்த 30 நாளை எண்ணவே ஆரம்பிக்கக்கூடாதுங்கறது என் கட்சி.

ஒண்ணு, 1987 சட்டப்படி காவல்ல இருக்கறவங்களுக்கு இலவச வக்கீல் உண்டு, வருமானச் சான்றிதழ்கூடத் தேவையில்ல. தெரிஞ்சவங்க பிள்ளை யாராவது உள்ளே இருந்தா, அவங்க வீட்டுல சொல்லி வைங்க.