நேரம் கேட்க அனுமதிச் சீட்டு எதற்கு?

ஹட்டன் தோட்ட லயம் ஒன்றில் 1998இல் காலை 6 மணிக்குப் பிறந்த குழந்தைக்கு ஜாதகம் கணிப்பதாகக் கொள்வோம். கிரீன்விச் நேரம் அப்போது நள்ளிரவு 12 மணி. இன்றைய கணக்கைப் போட்டாலோ 12.30 என்று வரும். அரை மணியில் லக்கினமே மாறிவிடலாம். காரணம், இலங்கை 1996 மே மாதத்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளி, ஒக்டோபரில் அரை மணி பின்னிழுத்து, 2006 ஏப்ரலில்தான் பழைய நேரத்துக்குத் திரும்பியது.

இந்தக் கணக்கை இன்று ஒரு சிறு மென்பொருட்கருவி செய்துவிடும். செயற்கை நுண்ணறிவு முகவர்கள் அதை அழைக்கும்போதெல்லாம் மனிதரின் ஒப்புதல் வேண்டுமா? வேண்டாம் என்பேன். அது எதையும் அழிப்பதில்லை. எவருடைய இரகசியத்தையும் திறப்பதில்லை. அற்ப காரியத்துக்கெல்லாம் 'சம்மதமா?' என்று கேட்டால், படிக்காமலே 'ஆம்' என்று அழுத்தக் கை பழகிவிடும். பணம் அனுப்பும் கருவி கேட்கும் நாளிலும் அதே கைதான் அழுத்தும்.

எனினும் இரு நிபந்தனைகள். நேர வலயப் பட்டியலைத் திருத்தும் உரிமை முகவருக்குக் கூடாது. எந்த ஊரின், எந்த நாளின் கணக்கு என்பதை விடையோடு சேர்த்துச் சொல்ல வேண்டும்.

தோட்டத்தில் மணியோசையைக் கேட்க எவருக்கும் தடையில்லை. மணியடிக்கும் பொறுப்புத்தான் ஒருவரிடம் இருக்கும்.