முகம் தமிழ், முதுகு ஆங்கிலம்

2019ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஓர் இரவு. அப்போது நான் ஆலோசகராக இருந்த பத்திரிகையொன்றின் இணையத்தளத்தில், சிறுவர் துஷ்பிரயோக வழக்கொன்றைப் பற்றிய செய்தி, பாதிக்கப்பட்ட பிள்ளையின் பெயரோடும் ஊரோடும் ஏழு மணி நேரம் கிடந்தது. விடியற்காலையில் வாசகர் ஒருவர் தொலைபேசியில் அழைத்த பின்னரே எமக்குத் தெரியவந்தது. உடனே அகற்றினோம். ஆயினும் அதற்குள் அச்செய்தி வேறு தளங்களுக்கும் கைத்தொலைபேசிகளுக்கும் போய்விட்டது. சில வாரங்களில் அக்குடும்பம் ஊரைவிட்டே பெயர்ந்தது. நாம் வெளியிட்ட மன்னிப்பு அவர்களுக்கு எதனையும் மீட்டுக் கொடுக்கவில்லை.

செய்தியை அனுப்பியவர் முப்பது ஆண்டு அனுபவமுள்ள பிராந்தியச் செய்தியாளர். பிள்ளையின் பெயரை அவர் எழுதியது ஆசிரியபீடத்தின் தகவலுக்காக. செவ்வை பார்க்கும்போது அது நீக்கப்படும் என்பது தொலைநகற் காலத்திலிருந்தே நமது அலுவலகங்களில் உள்ள நடைமுறை. விசாரித்தபோது அவர் சொன்னது ஒரு வசனந்தான்: “வழமையா அமுக்கிற இடத்திலதான் அமுக்கினனான், அண்ணை.”

அவர் சொன்னது உண்மை. அத்தளம் வேர்ட்பிரஸ் என்னும் திறந்த மூல உள்ளடக்க முகாமைத்துவ மென்பொருளில் இயங்கியது. வாசகர் காணும் முன்பக்கம் முழுவதும் தமிழ். செய்தியாளர் வேலை செய்யும் பின்பக்கம் முழுவதும் ஆங்கிலம். ஆங்கிலம் வாசிக்கத் தடுமாறும் அம்மனிதருக்கு, பொத்தான்களின் இடத்தைக் காட்டிப் பழக்கியிருந்தார்கள். 2018 டிசெம்பரில் அம்மென்பொருளின் 5.0 பதிப்பு வெளியாகி, எழுதும் திரையின் அமைப்பையே மாற்றிவிட்டது. அவர் பழகிய மூலையில் இப்போது ‘வெளியிடு’ என்ற கட்டளை ஆங்கிலத்தில் நின்றது. அமுக்கினார். உறுதிதானா என்று ஆங்கிலத்திற் கேட்டது. மீண்டும் அமுக்கினார்.

நிர்வாகம் அவருக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தது. எனது தீர்ப்பு வேறு. குற்றவாளி அவர் அல்லர். தளத்தை நிறுவிய நாளில் மொழியைப் பற்றி ஒரு கணமும் யோசியாத நாமே.

இம்மென்பொருளை நிறுவுவது பெரிய வித்தை அன்று. கோப்புகளை வழங்கியில் ஏற்றி, தரவுத்தளம் ஒன்றை உருவாக்கி, அதன் பெயரையும் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்தால் ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும் என்பது அதனை ஆக்கியோரின் நெடுநாட் பெருமை. 2014இல் வந்த 4.0 பதிப்பு முதற்கொண்டு, நிறுவும்போது தோன்றும் முதலாவது திரையே எந்த மொழி வேண்டும் என்றுதான் கேட்கிறது. அவ்விடத்தில் எமது தளத்தை நிறுவிய இளைஞர் ஆங்கிலத்தைத் தெரிவு செய்தார். ஏன் என்று கேட்டேன். “எல்லாரும் அப்படித்தானே செய்கிறார்கள்” என்றார்.

அடுத்தது அதிகாரப் பங்கீடு. நிர்வாகி, பதிப்பாசிரியர், எழுத்தாளர், பங்களிப்பாளர், சந்தாதாரர் என ஐந்து படிகளை அம்மென்பொருள் வைத்திருக்கிறது. பங்களிப்பாளர் எழுதலாம், வெளியிட முடியாது. எழுதியதை மீளாய்வுக்குச் சமர்ப்பிக்க மாத்திரமே அவரால் இயலும். பிராந்தியச் செய்தியாளருக்கு உரிய படி அதுவே. அவ்வாறு செய்திருந்தால் அன்றைய அவலம் நேர்ந்திராது. எங்கள் தளத்திலோ வாயிற் காவலாளி நீங்கலாக அனைவரும் நிர்வாகிகள்! அந்த ஐந்து சொற்களும் ஆங்கிலத்தில் நின்றமையால், அவற்றின் பேதம் என்னவென்று ஆசிரியபீடத்தில் ஒருவரும் வாசித்துப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

‘ஆங்கிலம் தெரியாதவருக்குப் பத்திரிகைத் தொழில் எதற்கு?’ என்று கேட்போர் இருக்கின்றனர். அவர்களுக்கு ஒன்று சொல்வேன். கச்சேரியிலும் நீதிமன்ற வாசலிலும் மீன்பிடித் துறையிலும் செய்தி தமிழிலேதான் கிடைக்கிறது. அதனைத் திரட்டி அனுப்பும் மனிதர்களின் உழைப்பில்தான் கொழும்பிலும் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் இருந்து நாம் ஊர்ச் செய்தி வாசிக்கிறோம்.

‘பொத்தான்களைத் தமிழில் வைத்தால் ஒருவருக்கும் விளங்காது’ என்பது அடுத்த சாட்டு. கடவுச்சீட்டு என்ற சொல்லை நமக்கு யார் வகுப்பெடுத்து விளக்கினார்கள்? படிவங்களிற் கண்டோம், வரிசையில் நின்றோம், வாய்க்குப் பழகிவிட்டது. கடவுச்சொல்லும் அவ்வாறே பழகும். 19ஆம் நூற்றாண்டில் மானிப்பாயில் அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிறீன் மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தார். மருத்துவ நூல்களைத் தமிழிற் கொண்டுவந்தார். உடற்கூற்றியலைத் தமிழிற் கற்பித்த மண்ணில், ‘சேமி’ என்ற ஈரெழுத்துச் சொல் விளங்காது என்று சாதிக்கிறோம்.

அண்மைக்கால உதாரணமும் உண்டு. 2003இல் தமிழ் விக்கிப்பீடியா தொடங்கியபோது அதன் இடைமுகத்தைத் தமிழாக்குவதில் முன்னின்றவர் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த மயூரநாதன். விக்கிப்பீடியா இயங்கும் மீடியாவிக்கியும் திறந்த மூல மென்பொருளே. அதே மென்பொருளைக் கொண்டுதான் 2005இல் தொடங்கிய நூலகம் தளம் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் காத்து வருகிறது. பெரும் மூலதனம் இல்லாத தன்னார்வலர்கள் தொடங்கியதை, விளம்பர வருவாய் ஈட்டும் நிறுவனங்கள் தொடங்கக்கூட இல்லை.

ஆனால் தமிழாக்கம் என்பது சொல்லுக்குச் சொல் வைப்பது அன்று. இவ்விடத்தில் ஆர்வலர்களையும் நான் கடிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. முகப்பைச் சுட்டும் ‘ஹோம்’ என்ற சொல்லை ‘வீடு’ என்றும், பதிவைச் சுட்டும் ‘போஸ்ட்’ என்ற சொல்லை ‘அஞ்சல்’ என்றும் இயந்திரத்தைக் கொண்டு மாற்றி ஒட்டிய தளங்களைப் பார்த்திருக்கிறேன். வாசகர் சிரித்துவிட்டு ஆங்கிலத்துக்குத் திரும்பாமல் வேறு என்ன செய்வார்?

ஆங்கிலத்தில் பெயருக்கு முன் ஓர் இடைச்சொல்லை வைத்தால் வசனம் முடிந்துவிடும். தமிழில் உருபு பெயரோடு ஒட்டி, பெயரின் ஈற்றையே மாற்றுகிறது. மென்பொருளோ பெயர் வரும் இடத்தை வெற்றிடமாக விட்டு, பின்னர் நிரப்புகிறது. ஆகவே ‘கந்தசாமியால்’ என்பது ‘கந்தசாமி ஆல்’ எனவும், ‘யாழ்ப்பாணத்தில்’ என்பது ‘யாழ்ப்பாணம் இல்’ எனவும் வந்து நிற்கும். இதற்கு மருந்து எளிது. வசனத்தைக் குலைத்து, ‘எழுதியவர்: கந்தசாமி’, ‘பிரிவு: யாழ்ப்பாணம்’ என்று அமைத்துவிட்டால் உருபுக்கே வேலை இல்லை. பத்திரிகையில் தலைப்பும் படவிளக்கமும் எழுதிய எவருக்கும் இது கைவந்த கலை. நிரல் எழுதும் இளைஞருக்கு இதனைச் சொல்லிக் கொடுக்க வேண்டியவர்கள் நாம்.

முகவரிச் சிக்கலையும் பாருங்கள். செய்தியின் தலைப்பிலிருந்து இணைய முகவரியை ஆக்கும்போது ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் நூற்றுவீதக் குறிகளுடன் ஒன்பது இடங்களாக விரிகிறது. வேர்ட்பிரஸ் அதற்கு ஒதுக்கியிருப்பது 200 இடங்கள். ‘யாழ்ப்பாணம்’ என்ற சொல் 11 குறியீடுகளால் ஆனது. அது ஒன்றே 99 இடங்களை விழுங்கிவிடும். நீண்ட தலைப்பு இடையில் வெட்டுண்டு முகவரி அரைகுறையாக நிற்கும். முகவரிக்கென்று இரண்டொரு சொற்களில் தனிக் குறுந்தலைப்பு எழுதினாற் போதும். இதுவும் உதவி ஆசிரியரின் வேலையே.

வேர்ட்பிரஸ், ஜூம்லா, துருபல் ஆகிய மூன்றும் குனு பொது உரிமத்தின் கீழ் இலவசமாகக் கிடைப்பவை. தமிழாக்கவும் எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. வேர்ட்பிரஸின் மொழிப் பட்டியலில் ‘தமிழ்’ என்றும் ‘தமிழ் (இலங்கை)’ என்றும் இரு பிரிவுகள் உள. முகாமைத்துவமா மேலாண்மையா என்ற சண்டைக்கும் அங்கே இடமில்லை. அவரவர் சொல்லை அவரவர் பிரிவில் எழுதலாம். எந்தத் தொடருக்குத் தமிழ் இல்லையோ அத்தொடர் மாத்திரம் ஆங்கிலத்தில் தோன்றும். அந்த வெற்றிடங்களை நிரப்புவது யார்? இலவசமாக எடுத்துப் பயன்படுத்தும் நமது நிறுவனங்கள் ஆளுக்கு நூறு தொடர்களையாவது திருப்பிக் கொடுத்ததுண்டா?

ஆங்கிலமே வசதி என்போருக்கும் இழப்பில்லை. 2016இல் வந்த 4.7 பதிப்பு முதல், பின்பக்கத்தின் மொழியை ஒவ்வொரு பயனரும் தமக்கெனத் தனியே தெரிவு செய்துகொள்ளலாம். நிறுவியவர் ஆங்கிலத்திலும் செய்தியாளர் தமிழிலும் ஒரே தளத்தில் வேலை செய்யத் தடையேதும் இல்லை. ஆகவே தமிழை வைக்காததற்கு இனிச் சொல்வதற்குக் காரணம் எதுவும் மிஞ்சவில்லை; அலட்சியம் ஒன்றைத் தவிர.

அந்தச் சம்பவத்தின் பின்னர் நாம் நான்கு மாலைப்பொழுதுகள் அமர்ந்தோம். முன்னாள் ஒப்புநோக்குநர் ஒருவர், அந்தப் பிராந்தியச் செய்தியாளர், தளத்தை நிறுவிய இளைஞர், நான். செய்தியாளர் நாளாந்தம் காணும் திரைகளை மாத்திரம் எடுத்து, தமிழ் இல்லாத தொடர்களுக்குத் தமிழ் எழுதினோம். நெருடலானவற்றை அவரிடமே வாசிக்கக் கொடுத்து, அவர் தயங்கிய சொற்களை மாற்றினோம். அனைவரது அதிகாரத்தையும் திருத்தினோம். செலவு, தேநீருக்குக் கொடுத்த பணம் மாத்திரமே.

இதனை அத்தளத்தை நிறுவிய நாளிலேயே செய்திருக்கலாம். அவ்வாறு செய்திருந்தால் ஒரு பிள்ளை தன் பாடசாலையை விட்டுப் போக நேர்ந்திராது. தமிழில் இணையத்தளம் நடத்தும் நண்பர்களே, இன்றிரவு உங்கள் தளத்தின் பின்பக்கத்தைத் திறந்து, உங்கள் ஊர்ச் செய்தியாளரின் கண்களால் ஒருமுறை வாசித்துப் பாருங்கள். எந்தப் பொத்தான் எதைச் செய்யும் என்று அவரால் வாசித்து அறிய முடியாதெனில், அடுத்த எச்சரிக்கைக் கடிதத்தை உங்கள் பெயருக்கே எழுதிக்கொள்ளுங்கள்.