போர்ட் கடையை யாருக்கு விற்பது?

வெள்ளவத்தையில் காலி வீதி நெடுக ஒருக்கா நடந்து பாருங்கோ. சாரிக்கடை, நகைக்கடை, சைவக்கடை, ரியூஷன் என்று எல்லாவற்றுக்கும் மேல ஒரு பெயர்ப்பலகை இருக்கும். அதைச் செய்தவர் யாரென்று நாங்கள் யோசிக்கிறதே இல்லை. அவருக்கும் வயசு போகுது. ஏணியில ஏற முழங்கால் விடாது. பிள்ளைகள் கனடாவிலோ லண்டனிலோ. கடையை என்ன செய்யிறது?

வழக்கமா பிளொட்டரும் பிரிண்டரும் வந்த விலைக்குப் போகும். கீ மணி குடுத்திருந்தால் அதில கொஞ்சம் திரும்பி வரும். அடுத்த மாசம் அதே இடத்தில போன் கவர் விற்பாங்க. இது எல்லாருக்கும் நட்டம். கடையை அங்க வேலை செய்யிற பெடியனுக்கே தவணை முறையில விற்க வேணும் என்பது என் கருத்து.

முதல்ல காசுக் கணக்கு. தனி ஆளாக் கடை நடத்துறவருக்கு பென்ஷனும் இல்லை, ஊழியர் சேமலாப நிதியும் இல்லை. கடைதான் அவருடைய பென்ஷன். பெடியனுக்குச் சேமலாப நிதி உண்டு: அவர் சம்பளத்தில் 8 வீதம், முதலாளி 12 வீதம், ஒழுங்காகக் கட்டியிருந்தால். ஆனால் 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டம் 15 பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்யிற இடங்களுக்குத்தான். மூன்று பேர் உள்ள கடையில் இருபது வருசம் இருந்தாலும் அந்தச் சட்டத்தால் சல்லிக்காசு கிடைக்காது. ஆக, இரண்டு பேருக்கும் மிஞ்சிறது அந்தக் கடை மட்டும்தான்.

மெஷினுடைய விலை வருசா வருசம் இறங்கும். ஆடிவேலுக்கு யார் பனர் அடிப்பினம், கொட்டாஞ்சேனை புனித லூசியா பேராலயத் திருவிழாவுக்கு எப்ப ஓடர் வரும், யார் கடன் சொன்னாலும் கட்டுவினம் என்ற அறிவுக்கு விலை இறங்காது. வெளியாள் அதை வாங்கேலாது. பெடியனிடம் அது ஏற்கெனவே இருக்கு.

எழுத்தும் அப்படித்தான். வாடிக்கையாளர் வட்ஸ்அப்பில் யூனிகோடில் அனுப்புவார், கடையில பாமினியில் வேலை நடக்கும். அப்படியே எடுத்து ஒட்டினால் எழுத்து குழம்பும். பழைய மென்பொருளில் 'கொ'வின் கொம்பு எழுத்துக்குப் பின்னால போய் நிற்கும். வெட்ட முதல் அதைக் கண்டுபிடிக்கத் தமிழ் தெரிஞ்ச கண் வேணும். பஸ்ஸில் 'கர்ப்பிணித் தாய்மார்' இருக்கையில் 'நாய்மார்' என்று எழுதியிருந்த படம் நினைவிருக்கா? எல்லாரும் சிரிச்சோம். அந்தக் கண் இல்லாத இடத்தில செய்த வேலை அது.

இந்த ஊரில் போர்ட் வெறும் போர்ட் இல்லை. 1956இல் சிங்களம் மட்டும் என்று சட்டம் வந்தது. 1958இல் தமிழ் எழுத்துகளுக்கு மேல தார் பூசினாங்க. 1987இல் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. அதுக்குப் பிறகும் 2021இல் சட்டமா அதிபர் திணைக்களத்தில் திறந்த ஒரு பலகையில் சிங்களமும் ஆங்கிலமும் சீனமும் இருந்தது, தமிழ் இல்லை. சட்டம் பேப்பரில் இருக்கலாம். பலகையில் எழுத்தைச் சரியாப் போட ஒரு ஆள் வேணும்தானே?

"தவணை கட்டாமல் விட்டால்?" நியாயமான பயம். கடைசித் தவணை வரைக்கும் மெஷின்கள் பழைய முதலாளியின் பெயரிலேயே இருக்கட்டும். இடையில அவருக்கு ஏதும் நடந்தால் மிச்சக்காசு மனைவிக்கு என்று லோயரிடம் எழுதிக்கொள்ளலாம். கட்டிட உரிமையாளரிடம் முதலே கதைக்க வேணும். பெடியன் தன் பெயரில் பிரதேச செயலகத்தில் வியாபாரத்தைப் பதிய வேணும். முக்கியமா, ஓய்வுக்கு இரண்டு வருசம் முதலே வாடிக்கையாளரோடு அவரைக் கதைக்க விட வேணும். பல முதலாளிமார் இதைத்தான் செய்ய மாட்டினம். கடைசி நாள் வரைக்கும் போன் அவர்களின் சட்டைப் பையில்தான்.

வீட்டில இருந்து டிசைன் செய்யிற நண்பர்களுக்கும் ஒன்று: லோகோ கீறத் தெரிஞ்ச நீங்களும், வினைல் ஒட்டத் தெரிஞ்ச அந்தப் பெடியனும் பங்காளியாச் சேர்ந்தால் தவணை பாரமா இருக்காது. உங்கட தெருவில போர்ட் கடை வைச்சிருக்கிற ஐயா எப்ப கடையை விடப்போறார் என்று இந்தக் கிழமை ஒருக்காப் போய்க் கேளுங்கோ. ஷட்டர் இறங்கின பிறகு கேட்டுப் பலனில்லை.