வெளிச்சம் படத்துக்கு, இருட்டு எங்க ஆளுங்களுக்கா?

வத்தேகமயில இருந்து பன்வில, மடுல்கலைப் பக்கம் ஏறுற ரோட்டுல சனி, ஞாயிறு வந்தா கேமராப் பைகளும் ஏறுது. நக்கிள்ஸ் மலைக்குப் பின்னால இருந்து வர்ற காலை வெளிச்சம், தேயிலைக்கு மேல படுத்துக்கிடக்கிற மூடுபனி, நடுவுல கூடையோட நிக்கிற ஒரு அக்கா. அந்தப் படத்தை நீங்களும் பார்த்திருப்பீங்க. அந்த அக்காவுக்கு முகம் இருக்காது. முழுக் கறுப்பு. கீழ 'இயற்கை ஒளி'ன்னு எழுதி, கூடவே ஒரு தேயிலை இலை இமோஜி.

அந்தக் கறுப்புக்கும் இயற்கைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லங்கிறதுதான் நாங்க சொல்ல வர்றது.

கேமராவுக்குள்ள இருக்கிற மீட்டர் ஒரு முட்டாள் கருவி. எதைப் பார்த்தாலும் அது நடுத்தரச் சாம்பல் நிறம்னு நினைச்சுக்கும். வெளிச்சமான வானத்தைக் காட்டினா மொத்தப் படத்தையும் இருட்டாக்கும். முன்னால நிக்கிற ஆள் கறுப்பாயிடுவார். முகம் தெரியணும்னா முகத்துக்கு மீட்டர் வைக்கணும், இல்லாட்டி எக்ஸ்போஷரை ரெண்டு படி கூட்டணும், அதுவும் இல்லாட்டி ஒரு வெள்ளை ரெஜிபோமைப் பக்கத்துல பிடிக்கணும். வானம் கொஞ்சம் வெளுத்துப்போகும், அவ்வளவுதான். ஆக, வானமா முகமான்னு ஒவ்வொரு தடவையும் யாரோ தீர்மானிக்கிறாங்க. எங்க மலையில எப்பவும் வானம்தான் ஜெயிக்குது.

இது இன்னிக்கு நேத்து ஆரம்பிச்ச கதையில்ல. உலகப் புகைப்பட வரலாற்றுல பெரிய பேர் ஜூலியா மார்கரெட் கேமரன். 1875ல இலங்கைக்கு வந்து, 1879ல இங்கேயே இறந்து, பொகவந்தலாவ தேவாலயத்துல அடக்கமானவங்க. கணவருக்கு இங்க தோட்டங்கள் இருந்திச்சு. இயற்கை வெளிச்சத்தை மட்டும் வச்சு முகங்களை எடுக்கிறதுல அவங்களை மிஞ்ச ஆளில்லன்னு இன்னிக்கும் சொல்றாங்க. இங்கிலாந்துல அவங்க எடுத்த டெனிசன், ஹெர்ஷல் எல்லாம் பேரோட இருக்காங்க. களுத்துறையில எடுத்த சனங்கள் பெரும்பாலும் 'களுத்துறைக் குடியானவர் குழு', 'இளம்பெண், இலங்கை' மாதிரித் தலைப்போட நிக்கிறாங்க. ஆனா ஒன்னு, அந்தப் படங்கள்ல முகமாவது இருக்கு. நூத்தம்பது வருசம் கழிச்சு, பையில நாலு லென்ஸோட வர்ற நம்மாளுங்க அதையும் எடுத்துட்டாங்க.

வெளிச்சம் போகட்டும், ஐஸுக்கு வருவோம். வத்தேகமயில ஐஸ் கிடையாது. அதுக்கு நுவரெலியாவுக்குப் போகணும். தை, மாசியில மேகமில்லாத, காத்தில்லாத ராத்திரியில தரை தன் சூட்டை வேகமா விட்டுடும். தெர்மாமீட்டர் 3, 4 டிகிரி காட்டினாலும் இலை மேல தண்ணி உறைஞ்சிடும். விடிஞ்சதும் 'குட்டி இங்கிலாந்து'ன்னு கார் வரிசையா வரும். கொழுந்து மேல பளபளக்கிற ஐஸை மெக்ரோ லென்ஸ்ல எடுப்பாங்க. உண்மையிலேயே அழகான படம், மறுக்கல. அதே கொழுந்து வெயில் பட்டு ரெண்டு மூனு நாள்ல கருகிப்போகும். அந்தக் கருகினதை யாரு எடுத்தாங்க? கருகின மலையில கிலோ வராது. கிலோ வராட்டி பல தோட்டங்கள்ல அரைப்பேர்தான். 2021 மார்ச்சுல ஆயிரம் ரூபா நாட்சம்பளம் வர்த்தமானியில வந்த பிறகு பல இடங்கள்ல எடுக்க வேண்டிய கிலோவையும் கூட்டினாங்க. அந்த ஐஸ் துளிக்குப் பின்னால ஒரு குடும்பத்தோட மாசக் கணக்கு இருக்கு.

நெருப்பும் அப்படித்தான். கண்டி பெரஹராவுல நெருப்புப் பந்து சுத்துறவங்களை ரெண்டு செக்கன் ஷட்டர் திறந்து வச்சு எடுக்கிறாங்க. நெருப்பு அழகான வட்டமா விழும், சுத்துற மனுசன் கலைஞ்சு காணாமப் போவான். வரட்சிக் காலத்துல மானாப்புல் எரியிறதை முப்பது செக்கன் திறந்து எடுத்தா மலைக்குத் தங்க மாலை போட்ட மாதிரி இருக்கும். அந்த எரிஞ்ச சரிவுல அடுத்த மழைக்கு மண் கரைஞ்சு வரும். கீழ இருக்கிற லயத்துப் பீலியில கலங்கல் தண்ணி விழும். அப்ப எந்தக் கேமராவும் அங்க இல்ல.

லயத்துல தீப்பிடிச்சா மட்டும் வேற மாதிரி நடக்குது. ஒரே கூரை, பழைய வயரிங், ஒட்டிக்கிட்டு இருக்கிற காம்பராக்கள். ஒரு அடுப்படியில பிடிச்சா வரிசையே போயிடும். அதையும் 'டிராமாட்டிக் லைட்'னு கலர் ஏத்திப் போடுறவங்களை நாங்க பார்த்திருக்கோம். எரியிறது யாரோட காம்பரா, பிள்ளைகளோட பள்ளிக்கூடப் புத்தகம் மிஞ்சிச்சாங்கிறதுக்கு கெப்ஷன்ல இடமில்ல.

'அப்ப நாங்க அழுகையை மட்டும்தான் எடுக்கணுமா?'ன்னு கேப்பீங்க. வேணவே வேணாம். சுருக்கம் விழுந்த கையை குளோசப்புல எடுத்து, கறுப்பு வெள்ளையாக்கி, 'உழைப்பு'ன்னு பேர் வைக்கிற படமும் எங்களுக்குச் சலிச்சுப்போச்சு. அதுலயும் ஆள் இல்ல, கைதான் இருக்கு. கறுப்பு உருவமாக்கிறவர் எங்களை அலங்காரமாக்கிறார், கையை மட்டும் எடுக்கிறவர் பரிதாபமாக்கிறார். ரெண்டு பேருமே பேரைக் கேக்கல.

'கலைக்குச் சட்டம் போடாதீங்க'ன்னும் சொல்வீங்க. சட்டம் போட நாங்க யாரு? நாங்க படம் பார்க்கிறவங்க. எங்க அம்மாமாரும் சித்திமாரும் நிக்கிற படத்தைப் பார்க்கிறவங்க. எங்க கருத்தைச் சொல்ல அந்த உரிமை போதும்.

கேமரா வச்சிருக்கிற தம்பிமார், தங்கச்சிமாருக்கு, முக்கியமா நம்ம கம்பஸ் ஆளுங்களுக்கு நாலு விசயம் சொல்றோம். எடுக்க முன்னால கேளுங்க. வேணாம்னு சொன்னா கேமராவைக் கீழ இறக்குங்க. எடுத்தா முகத்துக்கு மீட்டர் வைங்க. அவங்க சம்மதிச்சா பேரைப் போடுங்க, இல்லாட்டி தோட்டத்தையும் திகதியையுமாவது போடுங்க. பிறகு ஒரு பிரதி அடிச்சு, திரும்பிப் போய்க் கையில குடுங்க. இப்ப ஒரு படம் அடிக்கிறது பெரிய செலவில்ல, வத்தேகம டவுனுக்குத் திரும்பி வர்ற பஸ் காசை விடக் கொஞ்சம் கூட இருக்கலாம்.

அடுத்த தையில நுவரெலியாவுக்குப் போறவங்க ஐஸை எடுத்துட்டு உடனே திரும்பாதீங்க. மூனு நாள் கழிச்சு அதே நிரைக்கு வாங்க. கருகின கொழுந்தையும், சாயந்தரம் தராசுக்கு முன்னால நிக்கிற முகங்களையும் கேட்டுட்டு எடுங்க. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல போடுங்க. அந்தப் படத்தை முதல்ல ஷேர் பண்றது நாங்களாத்தான் இருப்போம்.