தொடக்கப் பள்ளிகளில் கற்றல் செயலிகள்: எங்கள் நிலைப்பாடு

அரசு, அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளின் பாடவேளையில் கற்றல் செயலிகளுக்கும் செயற்கை நுண்ணறிவுப் பயிற்றுநர்களுக்கும் எவ்வளவு இடம் தரலாம் என்ற கேள்வி இப்போது ஊர்தோறும் எழுகிறது. ஆசிரியர்களும் பெற்றோரும் சேர்ந்து இயங்கும் எங்கள் அமைப்பு தன் பதிலை வெளிப்படையாக வைக்கிறது. ஆசிரியர் பாடம் நடத்தும் நேரத்தை எடுத்துச் செயலிக்குக் கொடுக்கக் கூடாது. அந்த நேரத்துக்கு வெளியே, குழந்தையோடு உட்கார ஒரு பெரியவர் இருக்கும் இடத்தில், முறையாகச் சோதித்த செயலிகளை வரவேற்கிறோம். அந்தப் பெரியவருக்கான ஊதியத்தை ஒதுக்காமல் கருவியை மட்டும் வாங்கும் திட்டம் எந்தக் கட்சியின் ஆட்சியில் வந்தாலும் எதிர்ப்போம்.

தொழில்நுட்பத்தின் மீதான அச்சத்தில் இதைச் சொல்லவில்லை. நடந்து முடிந்த ஆய்வுகளைப் படித்துவிட்டே சொல்கிறோம்.

குஜராத்தில் கியான் ஷாலா என்ற தொண்டு நிறுவனம் நடத்தும் பள்ளிகளில் 2, 3ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணினி வழியே கணக்குப் பயிற்சி கொடுத்ததைப் பொருளியலாளர் லே லிண்டன் ஆராய்ந்தார். சில பள்ளிகளில் வகுப்பு நேரத்திலேயே பிள்ளைகளைக் கணினி முன் உட்கார வைத்தார்கள். வேறு சில பள்ளிகளில் வகுப்புக்கு வெளியே கூடுதல் நேரத்தில் உட்கார வைத்தார்கள். கூடுதல் நேரத்தில் பயின்றவர்கள் 0.28 திட்டவிலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதன் அளவு) முன்னேறினார்கள். வகுப்பை விட்டுக் கணினிக்குப் போனவர்கள், கணினிப் பயிற்சியே பெறாத பிள்ளைகளைவிட 0.57 திட்டவிலக்கம் பின்தங்கினார்கள். கல்வி ஆய்வுகளில் 0.2 என்பதே பேசத்தக்க மாற்றம் என்பதை வைத்து இந்த இழப்பின் அளவைக் கணக்கிட்டுக்கொள்ளலாம். மென்பொருளைக் குறை சொல்லிப் பயனில்லை. அது எந்த நேரத்தை விழுங்கியது என்பதில்தான் விளைவு மாறியது.

மென்பொருளால் பெரும் நன்மை விளைந்ததற்கும் இந்தியாவிலேயே சான்று உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. டெல்லியில் மைண்ட்ஸ்பார்க் என்ற மென்பொருளைப் பயன்படுத்திய மையங்களில் கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், அலெஹாந்த்ரோ கனிமியன் ஆகியோர் நடத்திய ஆய்வு 2019இல் வெளியானது. நாலரை மாதத்தில் கணக்கில் 0.37 திட்டவிலக்கமும் இந்தியில் 0.23 திட்டவிலக்கமும் முன்னேற்றம். அங்கே வந்த ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் கணக்கில் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்தங்கியிருந்தார்கள். ஆறாம் வகுப்புப் பாடத்தை எவ்வளவு நன்றாக நடத்தினாலும் அவர்களுக்கு அது எட்டாது. மென்பொருள் ஒவ்வொரு பிள்ளையும் நிற்கும் இடத்தைக் கண்டறிந்து அங்கிருந்து தொடங்கியது. நாற்பது பிள்ளைகள் நாலைந்து நிலைகளில் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் தனி ஓர் ஆசிரியரால் தினமும் செய்ய முடியாத வேலை அது. இதை ஆசிரியர்களாகிய நாங்களே ஒப்புக்கொள்கிறோம்.

ஆனால் அந்த மையங்கள் எப்படி நடந்தன என்பதை விற்பனையாளர்கள் சொல்வதில்லை. பள்ளி நேரத்துக்கு வெளியே, வாரத்தில் ஆறு நாள், நாளுக்கு 90 நிமிடம். அதில் பாதி நேரம்தான் கணினி. மீதிப் பாதியில் பன்னிரண்டு முதல் பதினைந்து பிள்ளைகள் கொண்ட குழுவுக்கு ஓர் உதவியாளர் நேரில் கற்பித்தார். முன்னேற்றத்தில் மென்பொருளின் பங்கு எவ்வளவு, அந்த உதவியாளரின் பங்கு எவ்வளவு என்று ஆய்வு பிரித்துக் காட்டவில்லை. அப்படியிருக்க, உதவியாளரை நீக்கிவிட்டு மென்பொருளை மட்டும் வாங்கி அதே பலனை எதிர்பார்ப்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை.

கருவியைக் கையில் கொடுத்தாலே கற்றல் நடக்கும் என்று நம்பிய நாடு பெரு. குழந்தைக்கு ஒரு மடிக்கணினி என்ற திட்டத்தின் கீழ் அங்கே கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளுக்கு மடிக்கணினிகள் போயின. 319 பள்ளிகளில் நடந்த ஆய்வை அமெரிக்கக் கண்டங்களுக்கான வளர்ச்சி வங்கி 2012இல் வெளியிட்டது. ஒரு மாணவருக்கு 0.12 ஆக இருந்த கணினி விகிதம் 1.18 ஆக உயர்ந்திருந்தது. கணக்கிலும் மொழியிலும் முன்னேற்றம் எதுவும் தென்படவில்லை. பொதுவான அறிதிறனில் மட்டும் சிறிது முன்னேற்றம் இருந்தது.

நம் மாநிலத்தின் அனுபவம் இன்னும் அழுத்தமாகப் பேசுகிறது. கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் 1 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. இடைப்பட்ட காலத்தில் கல்வித் தொலைக்காட்சி பாடங்களை ஒளிபரப்பியது. ஆசிரியர்கள் வாட்ஸ்அப் குழுக்களில் பாடம் அனுப்பினார்கள். அவ்வளவுக்குப் பிறகும், கிராமப்புறத் தமிழ்நாட்டில் சுமார் 19,000 குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வில் 2021 டிசம்பரில் தெரிந்த இழப்பு பெரிது. 2019இல் அதே ஊர்களில் அதே வயதில் இருந்த பிள்ளைகளோடு ஒப்பிட்டால் கணக்கில் சுமார் 0.7 திட்டவிலக்கமும் தமிழில் 0.34 திட்டவிலக்கமும் குறைவு. பள்ளி திறந்த ஆறே மாதத்தில் அந்த இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு ஈடானது. ஈடானதில் ஏறத்தாழ 24 சதவீதம் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தால் வந்தது என்று அதே ஆய்வு கணக்கிடுகிறது. மாலையில் ஊர்ச் சாவடியிலோ கோயில் மண்டபத்திலோ வீட்டுத் திண்ணையிலோ பிள்ளைகளைக் கூட்டிவைத்துச் சொல்லிக்கொடுத்தவர்கள் அந்தத் திட்டத்தின் தன்னார்வலர்கள். பெரும்பாலும் அந்தந்த ஊர்ப் பெண்கள். மாதம் ஆயிரம் ரூபாய்தான் பெற்றார்கள். அவர்களின் உழைப்புக்கு அது மிகக் குறைவு என்று அப்போதும் நினைத்தோம், இப்போதும் நினைக்கிறோம். திரையில் வந்த பாடத்தால் தடுக்க முடியாத இழப்பைப் பக்கத்தில் வந்து உட்கார்ந்த ஆள் குறைத்துக் காட்டினார்.

ஆப்பிரிக்காவின் போட்ஸ்வானாவில் கொரோனா காலத்தில் பெற்றோருக்குக் கணக்குக் கேள்விகளைக் குறுஞ்செய்தியாக அனுப்பிப் பார்த்தார்கள், கற்றல் அசையவில்லை. குறுஞ்செய்தியோடு வாரந்தோறும் கற்பிப்பவர் ஒருவர் தொலைபேசியில் பேசிய வீடுகளில் முன்னேற்றம் வந்தது. அங்கே தேவைப்பட்டது சாதாரண பட்டன் போனும் பேச ஓர் ஆளும்தான்.

அடுத்து செயற்கை நுண்ணறிவு. துருக்கியில் சுமார் 1,000 உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் 2023இல் நடந்த சோதனையை இங்கே பலரும் இன்னும் கவனிக்கவில்லை. கேட்டதற்கெல்லாம் பதில் தரும் உரையாடல் கருவியை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டவர்கள் பயிற்சியில் 48 சதவீதம் கூடுதலாகச் சரியாகச் செய்தார்கள். கருவியை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தபோது, அது இல்லாமலே படித்தவர்களைவிட 17 சதவீதம் குறைவாக வாங்கினார்கள். விடையைச் சொல்லாமல் ஆசிரியர் வகுத்த குறிப்புகளை மட்டும் தரும்படி கருவியை மாற்றியபோது அந்தப் பாதிப்பு பெருமளவு நீங்கியது. அவர்கள் வளர்ந்த பிள்ளைகள். எட்டு வயதுப் பிள்ளைக்குக் கருவி சொல்வது சரியா தவறா என்று சந்தேகிப்பது இன்னும் கடினம். ஆகவே ஐந்தாம் வகுப்பு வரை பிள்ளைகள் நேரடியாகப் பேசிப் பழகும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வேண்டாம் என்கிறோம். ஆசிரியர் பாடக்குறிப்பு எழுதவும் பயிற்சித்தாள் தயாரிக்கவும் அவற்றைப் பயன்படுத்துவதில் எங்களுக்கு மறுப்பில்லை.

இந்தச் சோதனையிலிருந்து இன்னொன்றும் புரிகிறது. செயலி நிறுவனங்கள் காட்டும் கணக்குகள் எல்லாம் பயன்பாட்டுக் கணக்குகள்: எத்தனை பிள்ளைகள் உள்நுழைந்தார்கள், எத்தனை நிமிடம் இருந்தார்கள், எத்தனை கேள்விக்கு விடையளித்தார்கள். செயலிக்குள் வாங்கிய மதிப்பெண் கற்றலாகாது. கருவியை ஒதுக்கி வைத்துவிட்டுத் தாளும் பென்சிலும் கொடுத்துச் சோதிக்க வேண்டும். அதையும் நிறுவனத்துக்குத் தொடர்பில்லாதவர்கள், தமிழ்வழிப் பிள்ளைகளிடம், குறைந்தது ஒரு கல்வியாண்டுக்குச் செய்ய வேண்டும். முடிவு சாதகமானாலும் பாதகமானாலும் வெளியிட வேண்டும். அதுவரை மாநில அளவில் எதையும் வாங்கக் கூடாது.

ஆசிரியரின் நேரத்தைச் செயலி மட்டும் தின்பதில்லை என்பதையும் அரசுக்குச் சொல்லியாக வேண்டும். பள்ளி விவரங்களைப் பதியும் எமிஸ் தளத்தில் வருகைப் பதிவு, நலத்திட்ட விவரம், அடிப்படை எழுத்தறிவு, எண்ணறிவுத் திட்டமான எண்ணும் எழுத்தும் மதிப்பீட்டுப் பதிவேற்றம் என்று கைபேசியோடு கழியும் பொழுதை எங்கள் உறுப்பினர்கள் நன்கு அறிவார்கள். ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் பதிவேற்றத்தில் உட்கார்ந்தால் மற்றவர் ஐந்து வகுப்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தொழில்நுட்பம் உண்மையிலேயே பள்ளிக்கு உதவ வேண்டுமென்றால் இந்தச் சுமையை முதலில் குறைக்கட்டும். ஒருமுறை பதிந்த விவரத்தை மறுபடி கேட்காத ஒரு தளம் போதும். எங்களுக்கு அது ஆயிரம் காணொளிகளுக்குச் சமம்.

பிள்ளைகளின் தகவல் பற்றி எங்கள் நிலையில் தளர்வே இல்லை. கொரோனா காலத்தில் 49 நாடுகளில் பயன்பட்ட 160க்கும் மேற்பட்ட கற்றல் செயலிகளையும் தளங்களையும் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு ஆராய்ந்து 2022இல் அறிக்கை வெளியிட்டது. அவற்றில் 89 சதவீதம் பிள்ளைகளின் உரிமையைப் பாதிக்கும் வகையிலோ பாதிக்கக்கூடிய வகையிலோ தகவலைக் கையாண்டதாக அது கண்டறிந்தது. ஆராய்ந்த அனைத்தும் அரசுகளே பரிந்துரைத்தவை. நம் நாட்டின் 2023ஆம் ஆண்டு தனிநபர் எண்மத் தகவல் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்கு உட்பட்ட எவரையும் குழந்தை என்கிறது. பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலைக் கேட்கிறது. குழந்தைகளைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதற்கும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதற்கும் தடை விதிக்கிறது. கல்விக்கென்று இதில் விலக்குகள் கேட்கப்படும்போதெல்லாம் நாங்கள் எதிர்த்து நிற்போம். ஒப்பந்தம் முடிந்த நாளில் பிள்ளைகளின் தகவல் முழுவதும் அழிய வேண்டும்.

இரண்டு விதிவிலக்குகளைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். பார்வைக் குறைபாடோ செவித்திறன் குறைபாடோ உள்ள பிள்ளைக்கு, எழுத்தை வாசித்துச் சொல்லும் மென்பொருளும் சைகை மொழிக் காணொளியும் வகுப்புக்குள்ளேயே வேண்டும். அங்கே கருவிதான் பாடத்துக்குள் நுழையும் வாசல். இரண்டாவது, வயது வந்தோரின் படிப்பு. ஐ.ஐ.டி.களும் இந்திய அறிவியல் கழகமும் 2003 முதல் நடத்திவரும் என்.பி.டி.இ.எல். இணையப் பாடங்கள், நல்ல பேராசிரியர் வாய்க்காத கல்லூரிகளில் படித்த எத்தனையோ பொறியியல் மாணவர்களைக் கரையேற்றியிருக்கின்றன. ஆனால் படிக்கக் கற்றுக்கொண்டவருக்கு உதவுவது, படிக்கக் கற்றுக்கொண்டிருப்பவருக்கும் உதவும் என்று கொள்ள முடியாது. பெரியவர்களிடையேகூட, ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் நடத்திய திறந்த இணையப் படிப்புகளை 2017-18இல் முடித்தவர்கள் சேர்ந்தவர்களில் சுமார் 3 சதவீதம்தான்.

அரசிடம் எங்கள் கோரிக்கை பணம் பற்றியது. கற்றல் செயலிக்கோ கைக்கணினிக்கோ ஒதுக்கும் ஒவ்வொரு ரூபாயோடும், அதைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து நடத்தும் ஆளின் ஊதியத்துக்கும் அதே ஆணையில் நிதி ஒதுக்க வேண்டும். இல்லம் தேடிக் கல்வியில் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். முதல் அழைப்பு அவர்களுக்குப் போகட்டும், மரியாதையான ஊதியத்தோடு.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் புதிய செயலி பற்றிய பேச்சு வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். எந்தப் பாடவேளையை எடுக்கப் போகிறீர்கள்? பிள்ளையோடு யார் உட்காரப் போகிறார்கள்? பிள்ளையின் விவரம் யாரிடம் போகிறது? மூன்றுக்கும் எழுத்தில் பதில் கிடைக்கும் வரை தீர்மானத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.