முள் சொல்லாத கணக்கு

சென்ற மாதம் நமது பழைய மாணாக்கர் ஒருவர் விடைபெற வந்திருந்தார். மனைவியைப் பின்னால் அமர்த்திக்கொண்டு, மோட்டார் சைக்கிளிலேயே மணாலியிலிருந்து லே நகரம் வரை பிரயாணம் செய்யப் போகிறாராம். பெட்ரோலுக்கு என்ன ஏற்பாடு என்று வினவினோம். "டாங்கி 15 லிட்டர், ஸார். லிட்டருக்கு 35 கிலோமீட்டர் போகிறது. மிச்சத்தை முள் சொல்லிவிடும்" என்றார்.

அந்த முள்ளைப் பற்றித்தான் நமக்குச் சந்தேகம். டாங்கிக்குள் ஒரு மிதவை இருக்கிறது. பெட்ரோல் தாழத் தாழ அதுவும் தாழ்ந்து முள்ளை நகர்த்துகிறது. ஆனால் மிதவை அறிவது பெட்ரோலின் உயரத்தையேயன்றி அளவையன்று. மோட்டார் சைக்கிளின் டாங்கியோ, குதிரையின் மேல் சேணம்போல, வண்டியின் சட்டத்தின்மீது கவிந்திருப்பது. மேலே அகன்று கீழே குறுகுவது. ஆகவே முற்பாதியில் முள் தவசியைப்போல் அசையாதிருக்கும். பிற்பாதியிலோ, மாதக் கடைசியில் உபாத்தியாயரின் பணப்பை இளைப்பதுபோல் இறங்கிவிடும். மலையேற்றத்தில் பெட்ரோல் பின்னே ஒதுங்கினால் அது சொல்லும் கதையே வேறு.

சமவெளியில் இதனால் பெருநஷ்டமில்லை. சிறிது தூரம் வண்டியைத் தள்ளினால் போதும். லே செல்லும் பாதை அப்படிப்பட்டதன்று. சந்திரா நதியும் பாகா நதியும் கூடும் தாண்டியில், அடுத்த பெட்ரோல் நிலையம் 365 கிலோமீட்டருக்கு அப்பால் என்று எச்சரிக்கும் பலகை யாத்திரிகர்களிடையே பிரசித்தமானது. இடையே சுமார் 5,300 மீட்டர் உயரமுள்ள தக்லங் லா கணவாயையும் கடக்க வேண்டும். அந்தக் குளிரில், மூச்சு முட்டும் உயரத்தில், யார் வண்டியைத் தள்ளுவது?

"தம்பி, அந்த 35 எந்தச் சாலையில் கண்டது?" என்று கேட்டோம். சமவெளியில், தனியாகச் சென்றபோது என்றார். மூட்டையும் மனைவியுமாக ஒரு மலைச்சாலைக்குப் போய்வரச் சொன்னோம். வண்டியை நிமிர்த்தி நிறுத்தி, டாங்கியை ஓர் அடையாளம் வரை நிரப்பிப் புறப்பட வேண்டும். திரும்பியதும் அதே அடையாளம் வரை மீண்டும் நிரப்பி, ஓடிய தூரத்தை ஊற்றிய லிட்டரால் வகுக்க வேண்டும். தூரம் காட்டும் மீட்டரையும் வழியிலுள்ள கிலோமீட்டர் கற்களோடு ஒப்பிட வேண்டும். நாம் கற்பித்த வகுத்தல் கணக்குத்தான், வேறொன்றுமில்லை.

மறு வாரம் வந்தார். முகத்தில் பழைய தைரியம் இல்லை. விடை 27. ஏற்றமும் கரடுமுரடும் மிகுந்த பாதைக்கு 25 என்றே வைத்துக்கொண்டோம். 15 லிட்டருக்கு 375 கிலோமீட்டர். பலகை சொல்லும் தூரத்திற்கு மேல் மிஞ்சுவது பத்தே கிலோமீட்டர்! அதையும் நம்பக் கூடாது. இக்கால வண்டிகளில் பெட்ரோலை இறைக்கும் பம்பு டாங்கிக்குள்ளேயே மூழ்கியிருக்கிறது. பெட்ரோலே அதற்குக் குளிர்ச்சி தருவது. கடைசிச் சொட்டுவரை ஓட்டுவது பம்புக்கும் கேடு. 3 லிட்டரைத் தொடாமல் ஒதுக்கினால் எஞ்சுவது 300 கிலோமீட்டர். குறையும் 65-க்குச் சுமார் இரண்டரை லிட்டர் வேண்டும். ஐந்து லிட்டர் கேன் ஒன்றை உடன் கொண்டுபோவதென்று முடிவாயிற்று.

முள்ளைப் பார்க்கவே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அது சாட்சி மட்டுமே. தீர்ப்புக் கூற வேண்டியது கணக்கு. நேயர்கள் நெடும்பிரயாணம் தொடங்குமுன், உள்ளூரிலேயே அந்தச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்துவிடுவது நலம்.